பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வம்சாவளி அடைவு: கட்டுவதும் கெடாமல் காப்பதும்

அல்சூரிலோ சிவாஜி நகரிலோ ஆஸ்டின் டவுனிலோ நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் ஒருவர் கொள்ளுத்தாத்தாவைத் தேட உட்கார்ந்தால், தேடுபொறி முதலில் கொண்டுவந்து கொட்டுவது காசு கேட்கும் வெளிநாட்டுத் தளம், குலப்பெருமை பேசும் பக்கம், திறக்காத இணைப்பு. அவருக்கு வேண்டியது வேறு. தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) மாதா கோயிலின் பழைய பதிவேடு எங்கே இருக்கிறது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மொழியில், வீட்டிலிருந்தே பார்க்கலாமா, நேரில் போகவேண்டுமா? இதை ஒரு மனிதர் திறந்து பார்த்து, சோதித்து, நாலு வரி எழுதி, பார்த்த தேதியையும் போட்டு வைத்தால் அது அடைவு. தேதியும் நாலு வரியும் இல்லாவிட்டால் அது வெறும் இணைப்புக் குவியல்.

மனிதர்கள் தொகுத்த பெரிய அடைவுகள் பல மூடப்பட்டுவிட்டன. யாஹூவின் அடைவு 2014 கடைசியில் போனது. தன்னார்வ ஆசிரியர்களை நம்பி 1998இல் தொடங்கிய டிமோஸ் 2017 மார்ச்சில் நின்றது. வம்சாவளிக்கு மட்டும் என்று வேலி போட்டுக்கொண்ட சிண்டீஸ் லிஸ்ட் 1996இலிருந்து இன்னும் ஓடுகிறது. நீங்கள் போடும் வேலி அதைவிடச் சிறியதாகவே இருக்கட்டும்.

1. எல்லை வாக்கியம்

முதல் வேலை ஒரே ஒரு வாக்கியம். "பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ் பேசும் குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்பு, வேலை, நிலம், இடப்பெயர்ச்சி பற்றிய ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பது" என்று எழுதிக்கொண்டால், எதைச் சேர்ப்பது என்ற வாக்குவாதம் பாதி தீர்ந்துவிடும். ஜாதகப் பொருத்தத் தளம், மேட்ரிமோனி, மரபணுச் சோதனை விளம்பரம், ஒரே குடும்பத்தின் சொந்த வம்ச மரம் எல்லாம் வேலிக்கு வெளியே.

ஊர் எல்லையில் மட்டும் கொஞ்சம் தாராளம் வேண்டும். பெங்களூர்த் தமிழர்களின் வேர் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், செங்கல்பட்டு, சித்தூர் பக்கம். 1809இல் தண்டு அமைந்தபோது பட்டாளத்தோடு வந்தவர்கள், 1864இல் ஜோலார்பேட்டை ரயில் பாதை திறந்தபின் வந்தவர்கள், ஆலை வேலைக்கு வந்தவர்கள், தங்கவயல் சுரங்கத்துக்குப் போய் அங்கிருந்து நகரத்துக்கு இறங்கியவர்கள் என்று ஒவ்வொரு அலைக்கும் ஆவணம் வேறு இடத்தில் கிடக்கிறது. ஆகவே அந்த மாவட்டங்களின் ஆவணக் காப்பகங்களும் அடைவுக்குள் வரும்.

2. அட்டவணை

மென்பொருள் தேடி அலைய வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் போதும். ஆயிரம் பதிவு வரை அதுவே தாங்கும். தளத்தின் பக்கங்களை அந்தத் தாளிலிருந்து உருவாக்குங்கள். பக்கத்தை நேரடியாகத் திருத்தும் பழக்கம் வந்தால், தாள் ஒன்று சொல்லும், தளம் இன்னொன்று சொல்லும். ஆறு மாதத்தில் எது சரி என்று யாருக்கும் தெரியாது.

பதிவு எண், தலைப்பு, முகவரி, ஆவணத்தை வைத்திருப்பவர் ஆகிய கட்டங்கள் எல்லோரும் போடுபவை. மறந்துபோகும் கட்டங்கள்தான் பின்னால் உயிரை வாங்கும்:

- நுழைவு வழி: தளத்துக்குள் போனபின் எந்தப் பட்டியை அழுத்தி எங்கே போவது
- ஆண்டு முதல், ஆண்டு வரை: இரண்டு தனிக் கட்டங்களாக, வெறும் எண்களாக
- அன்றைய நிர்வாகம், இன்றைய மாவட்டம்
- வடிவம்: சுட்டியா, எழுத்துப்படியா, மூலப்படமா
- மொழியும் எழுத்தும்
- காசு எந்தக் கட்டத்தில் கேட்கிறது
- கடைசியாக மனிதர் பார்த்த நாள், பார்த்தவர்
- வேபேக் மெஷினில் (பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) உள்ள காப்புப் படியின் முகவரி

பதிவு எண்ணில் வகையைக் கலக்காதீர்கள். "தேவாலயம்-42" என்று எண் கொடுத்தால், பிறகு அதைக் கல்லறைப் பகுதிக்கு மாற்றும்போது எண்ணும் மாறி, வெளியார் கொடுத்த இணைப்பெல்லாம் அறுந்துபோகும். 0042 என்று வெறும் எண் கொடுங்கள். பதிவு செத்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

வடிவம் என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்டி என்றால் பெயரும் பக்க எண்ணும் மட்டும். எழுத்துப்படி என்றால் யாரோ படித்துத் தட்டச்சியது. மூலப்படம் என்றால் பதிவேட்டுத் தாளின் படம். எழுத்துப்படியில் படித்தவரின் தவறும் சேர்ந்தே வரும். மூலப்படம் இருக்கும் பதிவுக்கு அட்டவணையில் தனி நிறம் கொடுத்தாலும் தகும்.

3. வகைப்பாடு: முதலில் நிர்வாகம், பிறகு ஆவணம்

வகைப்பாட்டில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம், இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய ஆவணத்தை அடுக்குவது. பெங்களூர் என்பது ஒரே ஊராக இருந்ததில்லை. பேட்டை, அதாவது பழைய ஊர், மைசூர் அரசின் கீழ் இருந்தது. தண்டு, சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷன் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கீழ் இருந்தது. 1947இல்தான் மைசூருக்குத் திரும்பியது. இரண்டு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆனது 1949இல். ஆகவே 1930இல் அல்சூரில் பிறந்தவருக்கும் அதே ஆண்டு சிக்பேட்டையில் பிறந்தவருக்கும் தேட வேண்டிய இடம் ஒன்றல்ல. அடைவின் முதல் கிளையே "தண்டு, 1809–1949", "பேட்டையும் மைசூர் அரசும், 1949 வரை", "பெங்களூரு மாநகராட்சி, 1949 முதல்", "கோலார் தங்கவயல்", "பூர்விக மாவட்டங்கள்" என்று இருக்கட்டும்.

தண்டின் கிறிஸ்தவப் பதிவுகளில் இன்னொரு முடிச்சு உண்டு. ஊர் மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தாலும், தண்டின் ஆங்கிலிக்கன் ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் மதராஸ் மாகாணக் கணக்கில் லண்டனுக்குப் போனது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற தொடர் அதுதான்; காசு கேட்கும் ஃபைண்ட்மைபாஸ்ட் தளம் அதைப் படமாக வைத்திருக்கிறது. இதை "மைசூர்" என்ற தலைப்பின் கீழ் மட்டும் போட்டால் தேடுபவர் கண்ணில் படாது. அதில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான் அதிகம், தமிழ்க் கிறிஸ்தவர் பெயர் குறைவு என்பதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள்; காசு கட்டிவிட்டு ஏமாறுபவர் உங்களைத்தான் திட்டுவார்.

பூர்விக மாவட்டங்களுக்கு ஒரு "எந்த ஆண்டு எந்த மாவட்டம்" பக்கம் கட்டாயம். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில் இருந்தது. தர்மபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது; கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து. வட ஆற்காடு 1989இல் இரண்டானது. வேலூரிலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கோலாரிலிருந்து சிக்கபள்ளாபூர் 2007இல் தனியானது. ஓசூர்க்காரர் ஒருவர் 1920ஆம் ஆண்டு ஆவணத்தைக் கிருஷ்ணகிரியில் தேடினால் ஏமாற்றம்தான்; அன்றைக்கு அது சேலம் ஜில்லா. இந்த ஒரு பக்கத்தைச் சரியாகச் செய்தால் உங்களுக்கு வரும் கேள்விக் கடிதங்களே குறையும்.

இரண்டாம் கிளை ஆவண வகை. மூன்றாவதாகச் சமூகத்தைக் கிளையாகப் போடவே வேண்டாம், குறிச்சொல்லாக வையுங்கள். நகரத்தாருக்கு ஒன்பது கோயில் பிரிவு, கொங்குப் பகுதியில் கூட்டம், மற்றவர்களுக்குக் குலதெய்வம், கோத்திரம் என்று தேடும் வழி சமூகத்தோடு பிணைந்தது உண்மை. ஆனால் அதை முகப்புப் பட்டியில் அடுக்கினால் எவர் பெயர் முதலில் வருகிறது என்ற சண்டை தொடங்கும். ஒரே கல்லறையும் ஒரே ஆலைச் சம்பளப் பட்டியலும் பத்துச் சமூகத்துக்குப் பொது என்பதும் மறைந்துவிடும்.

4. சேர்க்குமுன் பத்து நிமிடச் சோதனை

யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், இந்த வரிசையில் பார்க்காமல் ஒரு பதிவும் ஏறக்கூடாது.

1. உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிடோ) சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் திறங்கள். உங்கள் கணக்கில் திறப்பது பிறருக்குத் திறக்காது.
2. ஒரு பொதுப் பெயரை இரண்டு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். முனுசாமி, இராமசாமி போன்றவை நல்ல சோதனைப் பெயர்கள்.
3. ஒரு விடையையாவது கடைசி வரை திறந்து, என்னென்ன விவரம் கிடைக்கிறது என்று பாருங்கள்: தந்தை பெயர் உண்டா, ஊர் உண்டா?
4. எந்தக் கட்டத்தில் காசோ கணக்கோ கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு போதும். ஆனால் சில படச்சுருள்களைக் குடும்பத் தேடல் மையத்திலோ இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க முடியும். சாவிக் குறி போட்ட கேமராப் படம் அதற்கு அடையாளம்.
5. நடத்துபவர் யார், தொடர்பு வழி உண்டா என்று பாருங்கள்.
6. வேபேக் மெஷினில் அன்றைய படியைச் சேமித்து, அந்த முகவரியைத் தாளில் ஒட்டுங்கள்.

இரண்டாம் படியில் விடை பூஜ்யம் என்று வந்தால் தளத்தைத் தள்ளிவிடாதீர்கள். மேல்நாட்டுத் தளங்கள் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் பெயர் ஒற்றைப் பெயர். அது பெரும்பாலும் குடும்பப்பெயர் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும். முன்னெழுத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டத்தில் மட்டும் தேடிப் பாருங்கள்.

இணையத்தில் இல்லாத ஆவணத்துக்கும் இதே கண்டிப்பு. கத்தோலிக்கப் பங்கு அலுவலகப் பதிவேடு, ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் (திருமண ஏடு), கல்பள்ளிக் கல்லறைக் கற்கள் போன்றவற்றுக்கு இணைப்பு கிடையாது, ஆனால் பதிவு உண்டு. எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, யாரிடம் அனுமதி, என்ன விவரத்தோடு போக வேண்டும் என்று நேரில் கேட்டு எழுதுங்கள். பங்குத்தந்தையோ குருவானவரோ மாறினால் நடைமுறையும் மாறும், ஆகவே தேதி இங்கே இரட்டிப்பு முக்கியம். இன்னொன்று: ஒரு பங்கு எந்தத் தாய்ப்பங்கிலிருந்து எப்போது பிரிந்தது என்பதைக் கேட்காமல் திரும்பாதீர்கள். பிரிவதற்கு முந்தைய பெயர்கள் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் இருக்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயமானால், அந்தத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27க்கு முன் அது ஆங்கிலிக்கனா, வெஸ்லியனா, லண்டன் மிஷனா என்று கேளுங்கள். லண்டன் மிஷன், மெதடிஸ்ட் மிஷன் ஆவணங்கள் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நகரத்துக்குள்ளேயே மில்லர்ஸ் சாலை ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகமும் உண்டு.

5. குறிப்பு எழுதுவது

அடைவின் சரக்கு இங்கேதான். ஒரு பதிவுக்கு முப்பது முதல் ஐம்பது சொல். கீழே ஒரே தளத்துக்கு இரண்டு குறிப்புகள்.

முதலாவது: "இந்தியப் போர்வீரர்கள் பற்றிய அருமையான தளம். அனைவரும் அவசியம் பார்க்க வேண்டும்."

இரண்டாவது: "காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்த் தேடல். 1914 ஆகஸ்ட் 4 – 1921 ஆகஸ்ட் 31, 1939 செப்டம்பர் 3 – 1947 டிசம்பர் 31 காலத்தில் படையில் இறந்தவர்கள் மட்டும். இலவசம். மதராஸ் சாப்பர்ஸ் வீரர் பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் உண்டு. ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் இடவும். போரிலிருந்து திரும்பியவர்கள் இதில் இல்லை."

முதலாவதை எந்தத் தளத்துக்கும் ஒட்டலாம், அதுவே அதன் குறை. இரண்டாவது, தாத்தா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்றால் இங்கே நேரம் கழிக்காதே என்று சொல்லிவிடுகிறது. "என்ன இல்லை" என்ற கடைசி வரி ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸின் தேடுதளத்துக்கு எழுதினால், பெரும்பாலும் எழுத்துப்படி, பிரிட்டிஷ், ஆங்கிலோ இந்தியப் பெயர்களே அதிகம் என்று எழுதுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்துக்கு எழுதினால், பெயர்வாரிப் பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம், அரசுக் கோப்புகளின் தலைப்பில்தான் தேட முடியும் என்று எழுதுங்கள்.

தென்னாப்பிரிக்கக் கப்பல் பட்டியல்களைப் போன்ற வளமான ஆவணத்துக்கு ஐம்பது சொல் போதாது. தனித் துணைப்பக்கம் கொடுங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 152,184 பேர். முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. பட்டியலில் தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து அண்ணன் தங்கவயலுக்கும் தம்பி கப்பலுக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. பெங்களூர்க் குடும்பத்துக்கு இது அந்நிய ஆவணம் அல்ல.

மூலத்தளத்தின் அறிமுக வாசகத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். பதிப்புரிமைப் பிரச்சினை ஒருபுறம். அவர்கள் தங்கள் குறையை எழுதியிருக்க மாட்டார்கள் என்பது மறுபுறம்.

6. பெயரும் எழுத்தும்

பெங்களூரு ஆவணங்களில் தமிழ்ப் பெயர் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகளில் கிடக்கிறது, மூன்றிலும் உருமாறி. இதற்கென்று ஒரு உதவிப் பக்கம் வேண்டும், ஒவ்வொரு பதிவிலிருந்தும் அதற்கு இணைப்பு வேண்டும்.

இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை. பழனி அங்கே பளனி, ழகரம் வரும் பெயரெல்லாம் ளகரத்தில் தேட வேண்டும். றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடும். முனுசாமி முனிஸ்வாமி ஆவார், முருகேசன் முருகேஷ் ஆவார். பஹணி போன்ற நில ஆவணம் கன்னடத்தில்தான் வரும். கன்னடம் எழுதத் தெரியாத வாசகருக்கு அடிக்கடி வரும் முப்பது நாற்பது பெயர்களைக் கன்னட எழுத்தில் தட்டச்சித் தனிக் கோப்பாகக் கொடுத்தால் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார். ஆங்கிலத்தில் "சாமி"யின் வாலில் ஒய்யும் வரும், ஐயும் வரும்; நடுவில் டபிள்யூ இருக்கும், இல்லாமலும் இருக்கும். நட்சத்திரக்குறி ஏற்கும் தளமானால் முதல் ஐந்து எழுத்தோடு நிறுத்தி நட்சத்திரம் போடச் சொல்லுங்கள்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் தனி ரகம். பெங்களூரில் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் குருக்கள் நெடுங்காலம் இருந்தார்கள். ஏட்டில் லத்தீன் பெயர் இருக்கும், வீட்டில் தமிழ்ப் பெயர். பவுலுஸ் என்றிருப்பவர் வீட்டில் சின்னப்பன். பெத்ருஸ் இராயப்பன். யோவான்னெஸ் அருளப்பன். யாக்கோபுஸ் யாகப்பன், யோசேப்புஸ் சூசை. இந்த இணைப்பு தெரியாமல் சின்னப்பனை ஏட்டில் தேடினால் ஆள் இல்லை என்றே திரும்புவார்கள்.

பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் வரும். ஆண்டு வரம்புக் கட்டத்தை எண்ணாக வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

இனி கணினிப் பக்கம். தமிழ்த் தலைப்புகளை நிரல் கொண்டு அப்படியே வரிசைப்படுத்தினால் ஒருங்குறி (யூனிகோட்) குறியீட்டு வரிசையில் வரும். அது அகரவரிசை அல்ல. குறியீட்டில் னகரம் நகரத்தை ஒட்டி நிற்கிறது, றகரம் ரகரத்தை ஒட்டி, ளகரம் ழகரத்துக்கு முன்னால். புள்ளி வைத்த க் அகரமேறிய க வரிசைக்கெல்லாம் பின்னால் போய்விடும். நிரலில் தமிழுக்கான அகரவரிசை விதியை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், ஐ.சி.யு. என்ற நிரல் நூலகத்தில் அது இருக்கிறது.

தேடல் வேலை செய்யாத மர்மங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: ஒள என்று ஒகரமும் ளகரமும் சேர்த்து அடித்த ஔகாரம்; கால் வரவேண்டிய இடத்தில் ரகரம்; பார்வைக்கு ஒன்றான ஸ்ரீயின் இரண்டு குறியீட்டு வடிவங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்த "கொ" நான்காவது வகை, அதை ஒருங்குறியின் என்.எஃப்.சி. இயல்பாக்கம் (பிரிந்து கிடக்கும் குறியீடுகளை ஒன்றாக்கும் முறை) சரிசெய்துவிடும், மற்ற மூன்றை அது தொடாது. பழைய தமிழ்ப் பி.டி.எஃப்.கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. "உள்ளே தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்டவும்" என்று எழுதுங்கள்.

7. இணைப்புகள் சாவது

ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியபோதும், யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் மூடியபோதும் ஏராளமான குடும்ப வரலாற்றுப் பக்கங்கள் ஒரே நாளில் போயின. நம் அரசுத் தளங்கள் மூடுவதில்லை, வீடு மாறுகின்றன. கர்நாடக அரசின் பழைய என்.ஐ.சி. முகவரிகள் மாநில அரசின் புதிய முகவரிக்கு மாறின; பழையதிலிருந்து புதியதற்கு எப்போதும் வழி விடப்படுவதில்லை.

மாதம் ஒருமுறை இயந்திரச் சோதனை. இணைப்பைச் சோதிக்கும் மென்பொருள்களில் லிங்க்செக்கர் இலவசம், ஸ்க்ரீமிங் ஃப்ராக் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை ஓடும். இரண்டு விநாடிக்கு ஒரு கோரிக்கை, காத்திருப்பு முப்பது விநாடி என்று அமையுங்கள். வேகமாக அடித்தால் சேவையகம் உங்களைத் தடுத்துவிடும், பிறகு நல்ல இணைப்பும் செத்ததாகத் தெரியும். சோதனையை இந்தியாவிலிருந்து ஓட்டுங்கள். வெளிநாட்டு முகவரிகளைத் தடுக்கும் அரசுத் தளங்கள் உண்டு. அமெரிக்கச் சேவையகத்திலிருந்து ஓட்டினால் அவை வரிசையாக 403 (அனுமதி இல்லை) காட்டும்.

சோதனை காட்டும் இந்த எண்களைப் படிப்பது எப்படி? 301 நிரந்தர மாற்றம்: புதிய முகவரியைத் திறந்து பார்த்துத் தாளில் மாற்றுங்கள். 302 தற்காலிகம்: பழையதையே வையுங்கள். 404 (பக்கம் இல்லை) வந்தால் பதறாதீர்கள், தளத்துக்குள் வேறிடம் போயிருக்கலாம். 410 வந்தால் அவர்களே எடுத்துவிட்டார்கள். 503 நெரிசல், மறுநாள் பாருங்கள். ஆபத்தானது, பக்கம் சரியாகத் திறந்தது என்று சொல்லும் 200தான். காலாவதியான டொமைனை ரம்மி, பந்தயக் கம்பெனி வாங்கிப் பக்கம் போட்டிருக்கும். இயந்திரம் "நலம்" என்று சொல்லும். ஒவ்வொரு சோதனையிலும் பக்கத் தலைப்பைச் சேமித்து, போன மாதத் தலைப்போடு ஒப்பிடுங்கள். மாறியதை மட்டும் மனிதர் திறந்து பார்க்கட்டும்.

இணைப்பு அறுந்தால் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று முறை பாருங்கள். மூன்றிலும் இல்லையென்றால் காப்புப் படியின் முகவரியை இட்டு "மூலம் இல்லை, சேமித்த படி" என்று குறியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வேபேக் மெஷின் பக்கத்தைக் காக்கும், தேடுபெட்டியைக் காக்காது. தேடித்தான் விடை வரும் தளத்தின் படி வெறும் முகப்புச் சுவர்.

வில்லங்கச் சான்று, பட்டா போன்றவற்றின் உள்பக்க முகவரியை நகலெடுத்தால் அதில் அந்த நேர அமர்வு (செஷன்) எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அரைமணி கழித்துத் திறக்காது. முகப்பு முகவரியை மட்டும் கொடுத்து, நுழைவு வழிக் கட்டத்தில் பாதையைச் சொல்லுங்கள்.

மனிதச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கணக்கு இது: 600 பதிவு, பதிவுக்கு ஐந்து நிமிடம், ஆக 50 மணி நேரம். நான்கு பேர் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை மணி; பதின்மூன்று வாரத்தில் வாரம் ஒரு மணிக்கும் குறைவு. ஆள் இரண்டுதான் என்றால் பதிவை 300இல் நிறுத்துங்கள். பார்க்க முடியாத பதிவை வைத்துக்கொண்டு எண்ணிக்கை காட்டுவதில் என்ன இருக்கிறது?

8. பரிந்துரைகளும் உயிரோடிருப்பவர்களும்

பரிந்துரைப் படிவத்தில் ஐந்து கேள்வி போதும்: முகவரி, என்ன ஆவணம், எந்த ஆண்டுகள், எந்த ஊர், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் என்ன உறவு. கடைசிக் கேள்வி மரியாதைக்குறைவு அல்ல, தேவை. எப்படியும் "அண்ணே, நம்ம சங்கத்துப் பக்கத்தை ஏன் இன்னும் போடல?" என்று வாட்ஸ்ஆப்பில் வரும். பதில் இப்படி இருக்கலாம்: "அண்ணே வணக்கம். பக்கத்துல நிர்வாகிகள் படமும் விழாப் படமும் இருக்கு, பதிவேடு எதுவும் இல்லை. பழைய உறுப்பினர் பட்டியலையோ ஆண்டு மலரையோ ஸ்கேன் பண்ணிப் போடுங்க, அந்த வாரமே சேர்த்துடறோம்." பதினைந்து நாளுக்குள் ஆம் அல்லது இல்லை சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் பதில் வராத அடைவுக்கு அடுத்த பரிந்துரை வராது.

உயிரோடிருப்பவர்களின் விவரம் அடைவில் நேரடியாகத் தெரியக்கூடாது. பழைய வாக்காளர் பட்டியல் அருமையான ஆவணம்: வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் இருக்கும். ஆனால் அதில் இருப்பவர்களில் பலர் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். முகப்புக்கு மட்டும் இணைப்பு கொடுங்கள். குறிப்பிட்ட வாக்குச்சாவடிக் கோப்புக்குக் கொடுக்காதீர்கள். வீட்டு மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அவற்றை நீங்கள் ஏற்றி வைக்கத் தொடங்கினால் அடைவு காப்பகமாகிவிடும். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்தின் பொறுப்பும் தலையில் ஏறும். அவற்றை வாசிப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதுங்கள், கோப்பை வாங்காதீர்கள். எவராவது தம் குடும்பம் பற்றிய இணைப்பை எடுக்கச் சொன்னால், முதலில் மறைத்துவிட்டு அப்புறம் விசாரியுங்கள்.

9. காப்பும் கைமாற்றமும்

மாதக் கடைசியில் தாளை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்: ஆசிரியர் இருவரின் கணினி, இன்டர்நெட் ஆர்க்கைவ். ஆர்க்கைவுக்குப் போகும் படியில் சரிபார்த்தவர் பெயரையும் பரிந்துரைத்தவர் மின்னஞ்சலையும் நீக்கிவிட வேண்டும். கோப்பை யு.டி.எஃப்-8இல் சேமியுங்கள். எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகத் திறக்க வேண்டும். 0042 என்ற எண்ணின் முன் பூஜ்யங்களையும் எக்செல் தின்றுவிடும், அந்தக் கட்டத்தை எழுத்தாக அறிவியுங்கள்.

டொமைன் ஒருவர் பெயரில், கடவுச்சொல் இருவரிடம். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நம்ப வேண்டாம். இடையில் கார்டு மாறியிருக்கும், எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கும். காலாவதி நாளைத் தாளின் முதல் வரியில் எழுதி, அறுபது நாள் முன்னதாக இருவர் போனிலும் நினைவூட்டல் வையுங்கள்.